வேலியும் பொட்டும்: அவசர உதவியும் அந்தரங்கமும்

யாழ்ப்பாணத்தவர் வேலிக்குப் பேர்போனவர். கிடுகு வேலி, பனையோலை வேலி, கதியால் வேலி, இக்காலத்துக் கல்மதில் என வடிவம் மாறியபோதும், வளவின் நாற்புறமும் அடைத்து, இல்லத்தினுள் நிகழ்வதைத் தெருவார் காணாதவாறு வாழ்தல் நம்மவரின் நெடுநாள் வழக்கம். ஆயினும், வேலியை மட்டும் கண்டவர் நம்மை முழுதும் கண்டவராகார். அவ்வேலியிலே அயல்வீட்டார் இருவரும் மனமொத்து விட்ட பொட்டு ஒன்றும் உண்டு. நள்ளிரவில் ஒரு வீட்டிற் குழந்தைக்கு வலி கண்டால், தெருப்படலை வழியாகச் சுற்றி வாராது, அப்பொட்டினூடே கைவிளக்கோடு குனிந்து நுழைந்து வருபவளே முதலுதவி செய்பவள். காரியம் முடிந்ததும் அவள் வந்த வழியே மீள்வாள். கண்டதை ஊரிற் சொல்லாள். சொல்லித் திரிபவளாயின் மறுநாளே அப்பொட்டு அடைபட்டுவிடும்.

தொலைபேசியும் கணினியும் இன்று அப்பொட்டின் பணியைச் செய்யப் புகுந்துள்ளன. கூப்பிடு தூரத்தில் இருந்த உதவி, இலக்கம் ஒன்றை அழுத்தும் தூரத்துக்கு வந்துவிட்டது. இது நன்மையே. ஆனால் பழைய பொட்டுக்கு இருந்த ஒழுங்கு புதிய பொட்டுக்கும் உண்டா? யார் நுழைகிறார், எதனைக் காண்கிறார், கண்டதை எங்கே வைக்கிறார், எப்பொழுது மறக்கிறார் என்பவற்றை நாம் கேட்டோமா? வேலியைப் பிடுங்காமல் உதவி விரைந்து வருதற்கு வழி யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

அறிதல் ஏன் வேண்டும்?

முதலில் எதிர்ப்பக்க நியாயத்தை ஒப்புக்கொள்வோம். அறியாமையால் உயிர் போகும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, பூரணை நாளாகிய ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. அவ்விரண்டு மணி நேரத்தில் மணற்காட்டுக்கோ உடுத்துறைக்கோ ஆழியவளைக்கோ ஒரு சொல் வந்து சேரவில்லை. உடுத்துறையில் எழுப்பப்பட்ட நினைவாலயத்தின் முன் நிற்பவர் எவரும், செய்தி வரும் வழி இல்லாமை என்பது எத்துணைக் கொடியது என்பதை உணர்வர்.

2008 நவம்பரில் நிஷாப் புயலின் மழையாற் குடாநாடு வெள்ளக்காடாயிற்று. ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த காலம் அது. வெளியிலிருந்து உதவி வருதல் அரிதாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கைத் தீவையே உலுக்கியது. இத்தகைய வேளைகளில் தொண்டர் முதலிற் கேட்கும் கேள்விகள் ஒன்றே: எந்த வீட்டில் நடக்கமாட்டாத முதியவர் இருக்கிறார்? எங்கே கர்ப்பிணி இருக்கிறார்? ஒலிபெருக்கியின் அறிவித்தல் செவியில் விழாதவர் யார்? விடை தெரியாவிடின் படகு தவறான ஒழுங்கையில் அலையும்.

நாட்டில் அமைப்புகளும் உருவாகியுள்ளன. ஆழிப்பேரலைக்குப் பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். 1990 என்னும் இலக்கத்துக்குரிய ‘சுவசெரிய’ நோயாளர் காவு வண்டிச் சேவை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 யூலையில் வடமாகாணத்துக்கும் வந்தது. கட்டணமின்றி, நாளின் எந்நேரமும் வரும் அவ்வண்டியால் உயிர் தப்பினோர் நம் உறவினரிலும் பலர் இருப்பர்.

பட்டியல் கண்டு அஞ்சுவது ஏன்?

உதவுவதற்கு விவரம் வேண்டும். விவரத்தைத் திரட்டினால் பட்டியல் பிறக்கும். நம்மவர்க்குப் பட்டியல் என்றால் அச்சம். அவ்வச்சம் மூடநம்பிக்கையன்று, வரலாறு கற்பித்த பாடம். வாக்காளர் இடாப்பு என்பது குடியாட்சியின் மங்கலப் பொருள். யார் வாக்களிக்கலாம் எனக் காட்டுதற்கு ஆக்கப்பட்டது. 1983 ஆடி மாதத்திற் கொழும்பிலே வன்செயலாளர் கைகளில் அதே இடாப்பின் பிரதிகள் இருந்தன எனவும், தமிழர் வாழும் வீடுகளை அவற்றைக் கொண்டே தேடி வந்தனர் எனவும் கண்டோர் பலர் கூறியுள்ளனர். ஆக்கியவர் நோக்கம் ஒன்று. எடுத்தவர் நோக்கம் வேறு. ஏடு பேசாது; ஏந்துபவன் கைக்கு அது கருவியாகும்.

2011இன் தொடக்கத்தில் யாழ்ப்பாண, கிளிநொச்சி மாவட்டங்களிற் படையினர் குடும்பங்களைப் பதிவுசெய்யத் தலைப்பட்டபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர் உயர் நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டு மார்ச்சில், பதிவு நிறுத்தப்படும் என அரசின் சார்பில் நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. வீட்டில் எத்தனை பேர், யார் யார், வயதென்ன என்னும் கேள்விகள் அனர்த்த உதவிப் பட்டியலிலும் அதே கேள்விகளே. ஆதலின் கிராமத்துத் தாய் ஒருத்தி படிவத்தைக் கையிற் கொடுத்தவுடன் “இது எதற்கு, தம்பி?” என்று கேட்பாளாயின், அவளை அறியாதவள் என எண்ணற்க. அமைப்பை வகுப்போர் கேட்கவேண்டிய முதற் கேள்வியையே அவள் கேட்கிறாள்.

அச்சம் அரசிடமிருந்து மட்டும் எழுவதன்று, அயலிடமிருந்தும் எழும். 2020இற் கொரோனாத் தொற்றுப் பரவியபோது தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் வாயிலில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஊரைக் காத்தற்கு அது வேண்டியிருந்தது என்பர். ஆயினும் கைத்தொலைபேசிகள் வழியே பெயரும் படமும் பரவியதனால் எவர்க்கு என்ன பாதுகாப்பு விளைந்தது? நோய் நீங்கிய பின்னும் நீங்காத வடு அன்றோ மிஞ்சியது!

வெட்கம் கொல்லும் நிமிடங்கள்

“உயிர் போகும் வேளையில் அந்தரங்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது?” என வினவுவாரும் உளர். நாம் கூறுவது இதுவே: அந்தரங்கம் காக்கப்படாத இடத்தில் அழைப்பே வாராது. கணவன் அடித்துக் காயமுற்ற பெண், வண்டியின் ஓசைகேட்டு ஒழுங்கை முழுதும் கூடுமே என எண்ணி இரத்தத்தைத் துணியாற் கட்டிக்கொண்டு விடியும்வரை இருப்பாள். தன்னுயிரை மாய்க்க முயன்ற மகனைக் கண்ட தந்தை, செய்தி பரவினால் மகளின் கலியாணம் குழம்புமே, பொலிசார் வருவரே என ஏங்கி, முதலில் வாசற் கதவைச் சாத்துவார். பிறகே யாரை அழைப்பது என யோசிப்பார். தற்கொலை முயற்சி இலங்கைச் சட்டத்திற் குற்றம் என்னும் நிலை 1998இலேயே நீங்கிவிட்டது என்பதைக்கூட அவர் அறியாதிருத்தல் கூடும். அவர் வீணாக்கும் அந்தப் பத்து நிமிடமே வைத்தியர் இழக்கும் பத்து நிமிடம்.

ஆகவே அந்தரங்கமும் விரைவும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல. இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கையே அழைக்கும் கையை விரைவாக்குகிறது. வைத்தியர் நோயாளியின் மறையைக் காக்கவேண்டும் என்னும் விதி மிகப் பழைய காலந்தொட்டு அத்தொழிலோடு கூடி வந்ததும் இக்காரணம் பற்றியே. அவ்விதி வைத்தியரோடு நின்றுவிடாது, வண்டியோட்டி, தொலைபேசியில் விடையளிப்பவர், கிராமத் தொண்டர் ஆகிய எல்லோரையும் தழுவுதல் வேண்டும்.

அமைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும்?

முதலாவது, குறைவாகக் கேட்டல். உதவி அனுப்புபவருக்கு முதலில் வேண்டியது இடம். அடுத்து, என்ன நேர்ந்தது என்பது. மூன்றாவது, மீண்டும் அழைத்தற்கு ஓர் இலக்கம். பெயரும் குலமும் தொழிலும் வண்டியை விரைவாக்கா. ஆனால் நம்மூரில் வீட்டைக் காட்டும் முறை ஆளின் பெயரையே சார்ந்தது. வண்டி சந்தியில் நின்று “இன்னாருடைய வீடு எது?” என விசாரித்தால், நோயாளி வைத்தியசாலை சேருமுன் செய்தி சந்தை சேர்ந்துவிடும். ஒவ்வோர் ஒழுங்கை முகப்பிலும் எண் ஒன்று தெளிவாக எழுதப்பட்டு, வீட்டுக்கும் அவ்வாறே எண் இருப்பின், “புளியடிச் சந்தி, 7ஆம் ஒழுங்கை, 12” என்று கூறினாற் போதும். ஒரு சாடி வண்ணமும் ஒரு தூரிகையும் செய்யும் இவ்வேலை, வண்டியையும் விரைவாக்கும், வீட்டையும் மறைக்கும்.

இரண்டாவது, பெயரறியாது எச்சரித்தல். கோயில் மணியை அடிப்பவர், கேட்போர் யாவர் என அறியார், அறியவேண்டியதும் இல்லை. கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்கும் இவ்வாற்றல் உண்டு. தனித்தனி இலக்கங்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் குறுஞ்செய்தி அனுப்புதல் கடிதம் எழுதுவது போன்றது. அதற்கு முகவரிப் பட்டியல் வேண்டும். கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் ஒரேயடியாக அறிவிப்பை ஒலிபரப்புதல் வானொலி போன்றது. பெறுபவர் யாரென்பது அனுப்புபவர்க்குத் தெரியாது. ஜப்பானியர் நிலநடுக்க எச்சரிக்கைக்கு 2007 முதல் இம்முறையைக் கையாண்டு வருகின்றனர். புயலிற் கோபுரம் சாய்ந்தால் என்செய்வது? அதற்கெனவே கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளும் மின்கலத்தோடு ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வேளை வரும்வரை ஊமையாயிருத்தல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிதாக அங்கீகரிக்கப்படும் மோட்டார் வண்டி வகைகளில், விபத்து நேர்ந்தவுடன் 112 என்னும் இலக்கத்தைத் தானே அழைக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதனை வகுத்தோர் கையாண்ட விதி நாம் கற்கத்தக்கது. வழமையான ஓட்டத்தில் அக்கருவி வண்டியின் போக்கை எவர்க்கும் அறிவியாது. வண்டி சென்ற இடங்களில் இறுதியான மூன்றைத் தவிர மற்றையவற்றைத் தன் நினைவிலிருந்து இடையறாது அழித்துக்கொண்டே செல்லும். மோதல் நேர்ந்தால் மட்டுமே இடம், நேரம், சென்ற திசை முதலிய சில விவரங்களை அனுப்பும். பொட்டு எப்பொழுதும் திறந்து கிடப்பதில்லை; கூப்பிட்டாலே திறக்கிறது.

நான்காவது, விவரத்தை அதற்குரியவர் வீட்டிலேயே வைத்தல். பிரித்தானியாவில் லயன்ஸ் கழகத்தார் சிறு போத்தல் ஒன்றை வீடுகளுக்கு வழங்குவர். நோய், உண்ணும் மருந்து, ஒவ்வாமை ஆகியவற்றை வீட்டுக்காரர் ஒரு தாளில் எழுதிப் போத்தலுள் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார். முன்கதவின் உட்புறத்தில் ஓர் அடையாளம் ஒட்டப்பட்டிருக்கும். உதவிக்கு வந்து உள்ளே நுழைந்தவர் அவ்வடையாளத்தைக் கண்டு போத்தலை எடுப்பார். எந்த அலுவலகத்திலும் பட்டியல் இல்லை. திருடப்படக் கணினியும் இல்லை. செலவு ஒரு போத்தலும் ஒரு தாளுமே.

ஐந்தாவது, சொன்ன நோக்கத்தைத் தாண்டாமை. இதனை வழுவினால் நேர்வது யாது என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. தொற்றாளரோடு நெருங்கியவரைக் கண்டறிதற்கென 2020 மார்ச்சில் அங்கே கைத்தொலைபேசிச் செயலி ஒன்று வெளியிடப்பட்டது. அத்தொடர்பைத் தேடுதற்கு அன்றி வேறெதற்கும் விவரம் பயன்படாது என மக்கள் கேட்டிருந்தனர். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைச் சட்டப்படி பொலிசாரும் அதனைப் பெறமுடியும் என அரசே வெளிப்படுத்தியது. மக்கள் முறையிட, அடுத்த மாதமே சட்டம் இயற்றி, பாரதூரமான சில குற்றங்களுக்கு மட்டும் என வரையறுத்தனர். நல்லாட்சிக்குப் பேர்பெற்ற நாட்டிலேயே இவ்வாறாயின், வாக்குறுதியை மட்டும் நம்பி அமைப்பை வகுத்தல் தகாது. எடுக்க முடியாதபடி அமைப்பதே, எடுக்கமாட்டோம் எனச் சொல்வதினும் உறுதியானது.

ஆறாவது, மறத்தல். அனர்த்தம் முடிந்ததும் அதற்கெனத் திரட்டிய விவரம் அழிக்கப்படல் வேண்டும். வைத்தியசாலைப் பதிவு வேறு. அது சிகிச்சைக்கு வேண்டியது. ஆனால் முகாமில் யார் எத்தனை நாள் தங்கினார் என்னும் கொப்பி, உலருணவு பகிர்ந்த கணக்கு முடிந்தபின், எவர் மேசையில் எதற்காகக் கிடக்கவேண்டும்?

இவை நம் விருப்பங்கள் மட்டுமல்ல. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்தை வரையறுத்தல், வேண்டியதை மட்டும் பெறுதல், வேண்டிய காலத்துக்கு மட்டும் வைத்தல் என்னும் கொள்கைகளை எழுத்தில் வைத்துள்ளது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேர்ந்த அவசரத்தில் விவரத்தைப் பயன்படுத்தவும் அச்சட்டம் இடமளிக்கிறது. வேலியையும் பொட்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் சட்டம் என அதனைக் கூறலாம்.

கிராமம் ஒன்றில் தொடங்குவோமாயின்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. இவற்றுள் ஒன்றை எடுத்து, மேற்கூறிய விதிகளை எவ்வாறு பொருத்தலாம் எனக் காண்போம்.

உதவி வேண்டப்படுவோர் ஒவ்வொருவரும் தாமே தம் அயலில் இரண்டு வீட்டாரைத் தெரிவுசெய்யட்டும். எவரைத் தெரிவது என்பது அவர் உரிமை. பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் அடுத்த ஒழுங்கையாரைத் தெரியலாம். தம் நிலையை அவ்விருவர்க்கு மட்டும் சொன்னாற் போதும். சனசமூக நிலையத்தில் வைக்கப்படும் ஏட்டில் நோயின் பெயர் வேண்டா. ஆளின் பெயரும் வேண்டா. ஒழுங்கை எண், வீட்டு எண், வேண்டிய உதவி இன்னது என்பதே போதும்: “தூக்குவதற்கு இருவர்”, “நேரிற் சென்று அறிவிக்க”, “மின்தடையில் மாற்று மின்கலம்”. அத்தோடு உதவும் இரு வீட்டாரின் எண்கள்.

அவ்வேட்டையும் திறந்து வைத்தலாகாது. உறையிலிட்டு ஒட்டி, நிலையத்தின் சார்பில் ஒருவரும் கிராம அலுவலரும் ஒட்டின்மேற் கையெழுத்திடுக. எச்சரிக்கை வந்தாலன்றித் திறக்கலாகாது. இருவரும் கூடியிருந்தே திறக்கவேண்டும். திறந்த நாளும் காரணமும் குறிப்பேட்டில் எழுதப்படல் வேண்டும். கணினியில் வைப்பதாயினும் இதே முறைதான்: இரண்டு திறவுகோல் சேர்ந்தாலன்றி வாசிக்கமுடியாத மறையெழுத்தாக்கி வைத்தல் இன்று எளிது. ஆண்டுதோறும் வடகீழ்ப் பருவமழைக்கு முன், புரட்டாதியில், ஏட்டைப் புதுக்கிப் பழையதை அனைவர் முன்னிலையிலும் எரித்துவிடலாம். விலக விரும்புபவர் பெயர்க் காரணம் கேளாமலே நீக்கப்படல் வேண்டும்.

தொண்டராக வருவோர்க்கு முதலுதவி கற்பிப்பதுபோலவே வாயடக்கமும் கற்பிக்கவேண்டும். நோயாளியைப் படம் எடுத்தலாகாது. வண்டிக்குப் பின்னே கூட்டம் சேர்த்தலாகாது. வீட்டுக்குத் திரும்பியபின் மனையாளுக்கும் சொல்லலாகாது. நெடுந்தீவிலே ஒருவர்க்கு நோய் கடுமையானால், குறிகட்டுவானுக்குப் படகேற்றும் துறையில் ஊரே நிற்கும். அங்கே ஒரு சேலையைத் திரையாகப் பிடித்து நிற்கும் இரண்டு பெண்கள் செய்யும் உதவி, படகோட்டி செய்யும் உதவிக்குக் குறைந்ததன்று.

இம்முறையிற் குறையில்லை என நாம் சொல்லவில்லை. இருவரை மட்டும் நம்பியிருக்க, அவ்விருவரும் அன்று ஊரில் இல்லாது போகலாம். அயலில் ஒருவரையும் நம்பமுடியாத தனியாளும் உண்டு. அவர்க்குத் தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ துணையாதல் வேண்டும். உறையைத் திறக்கவேண்டிய இருவருள் ஒருவர் வெள்ளத்தின் மறுகரையில் அகப்படவும் கூடும். ஆதலின் பதிலாளர் ஒருவரை முன்னரே நியமித்தல் தேவை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒருவர் கையிற் கொடுத்துவிட்டால் இவ்வில்லங்கங்கள் இரா என்பது உண்மையே. ஆனால் அந்த ஒருவர் கை என்றும் நல்ல கையாகவே இருக்கும் என்பதற்கு, நம் தலைமுறை கண்டவற்றை வைத்துக்கொண்டு, எவர் பிணை நிற்பார்?

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று வைத்தியர், பொறியியலாளர், கணினி வல்லுநர், அரச உத்தியோகத்தர். குடாநாட்டிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். பிறந்த ஊருக்கு ஏதேனும் செய்யவேண்டும் எனக் கூடும்போதெல்லாம் வண்டி வாங்கலாம், கருவி வாங்கலாம், செயலி அமைக்கலாம் என முன்வருகின்றனர். அவை வரட்டும். வாங்குமுன், வகுக்குமுன், படிவம் அச்சிடுமுன், அந்தக் கிராமத்துத் தாயின் கேள்விக்கு விடை எழுதிக் கையில் வைத்திருப்போமாக: இது எதற்கு? யார் பார்ப்பார்? எத்தனை நாள் வைத்திருப்பீர்? இம்மூன்றுக்கும் கண்ணைப் பார்த்து விடை சொல்லக்கூடியவரே அவள் வேலியில் பொட்டு விடும்படி கேட்கத் தகுதியுடையார்.